கொரோனா காலமும் அறுபது நாள் கணக்கும்

2020 மார்ச்சில் நாடே பூட்டிக் கிடந்தபோது நீதிமன்றங்களும் அரசு வழக்கறிஞர்களும் எப்படி வேலை பார்த்தார்கள்? "எல்லாம் வீடியோவுக்கு மாறிடுச்சு" என்பதுதான் பொதுவாகக் கிடைக்கும் பதில். அது பாதிதான். அந்தக் காலத்து உத்தரவுகளை வரிசையாக வாசித்தபோது எனக்கு வேறொரு கேள்விதான் முக்கியமாகப் பட்டது: நெருக்கடி நேரத்தில் எதைத் தள்ளிப்போடலாம், எதைத் தள்ளிப்போடவே கூடாது? அதற்கான தெளிவான விடை, நம்ம மதுரையிலிருந்து டெல்லி போன ஒரு வழக்கில் இருக்கிறது.

முதலில் தள்ளிப்போட்டவை, தளர்த்தியவை. மார்ச் 23 அன்று உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து ஓர் உத்தரவு போட்டது. மனு, வழக்கு, மேல்முறையீடு ஆகியவற்றைத் தாக்கல் செய்யும் காலவரம்பு மார்ச் 15 முதல் நீட்டிக்கப்பட்டது. நியாயம்தான். பஸ்ஸே ஓடாதபோது கட்சிக்காரர் எப்படி வக்கீலைப் போய்ப் பார்ப்பார்? அதே நாளில், சிறைகளில் நெரிசலைக் குறைக்க மாநிலம்தோறும் உயர்மட்டக் குழு அமைக்கவும் சொன்னது. ஏப்ரல் 6 அன்று வீடியோ விசாரணைக்கான வழிமுறைகள் வந்தன. அதிலும் ஒரு எல்லை உண்டு: வாதங்களைத் திரையில் கேட்கலாம், ஆனால் சாட்சியம் பதிவு செய்ய இரு தரப்பும் சம்மதிக்க வேண்டும்.

சிக்கல் ஆரம்பித்தது இன்னொரு காலவரம்பில். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 167(2) பிரிவுப்படி, ஒருவரை ரிமாண்ட் செய்து உள்ளே வைத்துவிட்டால் போலீஸ் 60 நாளில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தாக வேண்டும். மரண தண்டனை, ஆயுள், குறைந்தது 10 ஆண்டு சிறை என்ற அளவுக்குப் பெரிய குற்றம் என்றால் 90 நாள். தாண்டிவிட்டால் கைதானவருக்கு ஜாமீன் உரிமை பிறக்கிறது. வழக்கு பலமானதா, ஆள் நல்லவரா என்றெல்லாம் நீதிபதி பார்க்க முடியாது. குற்றப்பத்திரிகை வருவதற்குள் மனு போட்டு, பிணை கொடுக்கத் தயாராக இருந்தால் விட்டுத்தான் ஆக வேண்டும். வக்கீல்கள் இதை டிஃபால்ட் பெயில் என்பார்கள்.

மதுரை வழக்கின் மனுதாரர் திருட்டு வழக்கில் 2020 பிப்ரவரி 21 அன்று கைதானவர். 60 நாள் முடிந்தும் குற்றப்பத்திரிகை வரவில்லை. அரசுத் தரப்பு சொன்னது இதுதான்: உச்ச நீதிமன்றம்தான் காலவரம்பை நீட்டியிருக்கிறதே, அது எங்களுக்கும் பொருந்தும்.

இதே கேள்வி வேறொரு வழக்கில் ஏற்கெனவே வந்திருந்தது. மே 8 அன்று மதுரைக் கிளையின் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன், அந்த நீட்டிப்பு போலீஸ் விசாரணைக்குப் பொருந்தாது என்று தீர்ப்பளித்தார். மூன்றே நாளில், மே 11 அன்று, இந்தத் திருட்டு வழக்கில் இன்னொரு தனி நீதிபதி பொருந்தும் என்று சொல்லி ஜாமீனை மறுத்தார். ஒரே சட்டம், ஒரே நீதிமன்றம். எந்த அறையில் மனு வந்தது என்பதைப் பொறுத்து ஒருவர் வீட்டுக்குப் போவதும் சிறையில் இருப்பதும் முடிவானது.

ஜூன் 19 அன்று உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு மே 11 உத்தரவை ரத்து செய்தது. காரணங்கள் எளிமையானவை. மார்ச் 23 உத்தரவு, நீதிமன்றத்துக்கு வர முடியாத வழக்காடிகளுக்காகப் போட்டது. குற்றப்பத்திரிகைக் கெடுவை நீட்டுவதற்காக அல்ல. விசாரணை அதிகாரி பொறுப்பு மாஜிஸ்திரேட்டிடமே குற்றப்பத்திரிகையைக் கொடுத்திருக்கலாம், அதற்குத் தடை எதுவும் இல்லை. ஊரடங்கு என்பது நெருக்கடி நிலைப் பிரகடனம் அல்ல. இன்னொன்றும் சொன்னது: சம அதிகாரமுள்ள நீதிபதியின் தீர்ப்போடு உடன்பாடு இல்லையென்றால் பெரிய அமர்வுக்கு அனுப்ப வேண்டும், எதிராகத் தீர்ப்பளிக்கக் கூடாது.

இது வக்கீல்களின் நுணுக்கச் சண்டை என்று தோன்றலாம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். காலவரம்பு நீட்டிப்பு கடைசியில் 2022 பிப்ரவரி 28 வரை போனது. மே 11-ன் வாசிப்பு நிலைத்திருந்தால், 60 நாளில் எழுத வேண்டிய குற்றப்பத்திரிகைக்காக ஒருவர் இரண்டு வருடம் வரை சிறையில் காத்திருக்க நேர்ந்திருக்கும். குற்றம் நிரூபணமாகாமலே, குற்றச்சாட்டே முறையாக எழுதப்படாமலே!

காலவரம்பு ஒரு காவல் என்றால், மாஜிஸ்திரேட்டின் கண் இன்னொன்று. கைதானவரை முதல்முறை ரிமாண்ட் செய்யும்போது நேரில் பார்க்கச் சொல்வது உடம்பில் காயம் இருக்கிறதா என்று கவனிக்கவும்தான். அந்தத் தீர்ப்பு வந்த அதே ஜூன் 19 மாலையில்தான், ஊரடங்கு நேரத்தை மீறிக் கடை திறந்ததாகச் சொல்லி, சாத்தான்குளத்தில் ஜெயராஜும் பென்னிக்ஸும் போலீஸ் பிடியில் சிக்கினார்கள். ரிமாண்டுக்குப் பின் கோவில்பட்டி கிளைச் சிறைக்கு அனுப்பப்பட்டு, சில நாட்களில் இருவரும் இறந்தார்கள். மாஜிஸ்திரேட் அவர்களைக் கிட்டத்தில் பார்த்தாரா என்ற கேள்வி அப்போதே எழுந்தது.

ஆக, என் வாசிப்பில் கோடு இங்கேதான் விழுகிறது. மக்களுக்கு அரசு வைக்கும் கெடுவைத் தளர்த்தலாம், அது கருணை. அரசுக்குச் சட்டம் வைக்கும் கெடுவைத் தளர்த்தினால், அந்தச் சுமை சிறைக்குள் இருப்பவர் தலையில்தான் விழும்.

இந்த விதி இன்றும் அப்படியே இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தின் 187-ஆவது பிரிவில். ரிமாண்ட் ஆன நாளையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சில சிறப்புச் சட்டங்களில் கெடு வேறு. தெரிந்தவர் யாராவது உள்ளே இருந்தால், முதல் வேலையாக ரிமாண்ட் தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கெடு முடிந்தாலும் கதவு தானாகத் திறக்காது, மனு போட்டுக் கேட்டாக வேண்டும்.