தலையில் ஏறாத தங்கக் கிரீடம்

போடியிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு. ஏலக்காய் மணக்கும் இந்தச் சாலை மூணாறோடு நின்றுவிடுவதில்லை. கோதமங்கலம், மூவாற்றுப்புழை வழியாகக் கொச்சிக்குப் போகிறது. கொச்சிக்குச் சற்று முன்னால் திருப்பூணித்துறை. அங்கேதான் கொச்சி மன்னர்களின் 'ஹில் பாலஸ்' அரண்மனை இருக்கிறது.

1865-ல் கட்டிய அரண்மனை. மொத்தம் 49 கட்டிடங்கள்! 1986 முதல் பொதுமக்கள் பார்க்கும் காட்சிசாலையாக விளங்குகிறது.

வாள்கள், குதிரை வண்டிகள், அரச குடும்பத்து நகைகள் என்று எத்தனையோ உண்டு. எல்லாவற்றிலும் சிறந்தது, கற்கள் பதித்த தங்கக் கிரீடம். போர்ச்சுகீசியர் கொடுத்த பரிசு இது.

ஆனால் இதை எந்த மன்னரும் தலையில் வைத்ததில்லையாம்! ஏன்?

அவர்களுடைய பூர்வீக ஊரான வன்னேரியைக் கோழிக்கோட்டு சாமூதிரி பிடித்துக்கொண்டார். அதை மீட்கும் வரை முடி சூடுவதில்லை என்று சபதம் செய்தார்களாம். ஊர் திரும்பவில்லை. கிரீடத்தை மடியில் வைத்துக்கொள்வதே வழக்கமாகிவிட்டது.

இன்னொரு செய்தியும் கேளுங்கள். இதே ஊரில் பூர்ணத்ரயீசர் கோயில் யானைகளுக்கு 15 தங்க நெற்றிப் பட்டங்கள் இருந்தன. ஷொர்ணூரிலிருந்து கொச்சிக்கு ரயில் பாதை போடப் பணம் போதவில்லை. மன்னர் ராமவர்மா அவற்றில் 14-ஐ விற்றார். 1902-ல் ரயில் வந்தது!

பழைய ரயில் நின்றுபோய், 2023 வரை பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்த போடி மக்களுக்கு அதன் அருமை தெரியும்.

திங்கட்கிழமை காட்சிசாலைக்கு விடுமுறை. மற்ற நாட்களில் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். கிரீடத்தைக் காட்டுங்கள். ரயிலாக மாறிய தங்கத்தின் கதையையும் சொல்லுங்கள்.