மைக்கை மாத்துறதுக்கு முன்னாடி சவுண்ட் கார்டு செட்டிங்ஸைப் பாருங்க!

போன தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது, பாட்டி பாடும் தாலாட்டை லேப்டாப்பில் பதிவு செய்தேன். அருமையாகப் பாடினார். அப்புறம் ஹெட்போனில் கேட்டால், குரல் ஏறும் இடமெல்லாம் 'கர்ர்' என்று கிழிகிறது. "இன்னொரு தடவை பாடு பாட்டி" என்று கேட்டதற்கு, "போடா, தூக்கம் வருது" என்று படுக்கப் போய்விட்டார்.

தப்பு மைக்கில் இல்லை. விண்டோஸில் இன்புட் வால்யூம் 100-ல் இருந்தது, அவ்வளவுதான்.

மைக்கிலிருந்து வரும் மின் அலையை எண்களாக மாற்றுவதுதான் சவுண்ட் கார்டின் வேலை. அந்த எண்களுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அதுதான் மீட்டரில் தெரியும் 0 டெசிபல். அதைத் தாண்டினால் அலையின் தலை தட்டையாக வெட்டுப்படும். இதற்குப் பெயர் 'கிளிப்பிங்'. வெட்டுப்பட்டதை எந்த சாஃப்ட்வேராலும் முழுசாக மீட்க முடியாது.

அதனால் பாட்டில் எந்த வரி ரொம்ப சத்தமோ, அதை முதலில் பாடிப் பாருங்க. மீட்டர் மைனஸ் 12-க்கும் மைனஸ் 6-க்கும் நடுவில் தொட்டால் போதும். சத்தம் கம்மியா இருக்கேன்னு பயப்பட வேண்டாம், பிறகு ஏற்றிக்கொள்ளலாம்.

அடுத்தது, யாரும் கவனிக்காத ஒரு பொத்தான். விண்டோஸ் 11-ல் சிஸ்டம், சவுண்ட் என்று போய் உங்கள் மைக்கைத் தேர்ந்தெடுத்தால் 'ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்' இருக்கும். அதை ஆஃப் செய்யுங்கள். இரைச்சலைக் குறைக்கும் இந்த மாதிரி வசதிகள் எல்லாம் வீடியோ காலில் பேசுவதற்காக வந்தவை. விடாமல் ஒரே சீராக வரும் சத்தத்தை ஃபேன் இரைச்சல் என்று நினைத்து அமுக்கிவிடும். தம்புராவும் சுருதிப் பெட்டியும் அப்படித்தானே ஒலிக்கும்! பாட்டு இருக்கும், சுருதி காணாமல் போயிருக்கும்.

டெஸ்க்டாப் என்றால் பிங்க் துளை மைக்குக்கு, நீலத் துளை லைன்-இன். கீபோர்டின் அவுட்புட்டை நீலத்தில்தான் சொருக வேண்டும். அந்த சிக்னல் மைக்கை விடப் பல மடங்கு பெரிசு, பிங்க்கில் கொடுத்தால் கிழியும். ஸ்டுடியோ கன்டென்ஸர் மைக் வாங்கியிருந்தால் கதையே வேறு. அதற்கு 48 வோல்ட் வேண்டும், சாதாரண சவுண்ட் கார்டு சில வோல்ட்தான் தரும். அப்போது யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் இல்லாமல் வேலைக்கு ஆகாது.

பாடும்போது உங்கள் குரலே ஹெட்போனில் லேட்டாகக் கேட்கிறதா? ரெக்கார்டிங் சாஃப்ட்வேரில் பஃபர் அளவைப் பாருங்கள். 48,000 ஹெர்ட்ஸில் 1024 சாம்பிள் என்றால், உள்ளே வருவதற்கே 21 மில்லி செகண்ட் ஆகும். 256-க்கு இறக்கினால் சுமார் 5. ரொம்ப இறக்கினால் 'பட் பட்' சத்தம் வரும், ஒரு படி ஏற்றுங்கள்.

பொங்கலுக்கு மறுபடி ஊருக்குப் போகிறேன். லேப்டாப் ரெடி. பாட்டிதான் இன்னும் சரி சொல்லவில்லை.