தாமரை நாச்சியார் திருமணம்

மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் ஆடப்பெறும் கூத்துகளுள் தலையாயவை மூன்று. காமன் கூத்து ஒன்று. அருச்சுனன் தபசு ஒன்று. பொன்னர் சங்கர் கதை மற்றொன்று. முன்னைய இரண்டும் புராண இதிகாசங்களின் வழி வந்தவை. மூன்றாவதோ தமிழ் மண்ணிலேயே முளைத்தது. சோழ வேந்தர் ஆண்ட நாளில் கொங்கு நாட்டில் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் ஒரு வேளாளர் குடியின் மூன்று தலைமுறை வாழ்வையும் வீழ்வையும் அது பாடுகிறது. அண்ணன்மார் சுவாமி கதை என்றும் அதனை வழங்குவர்.

பொன்னர் சங்கர் என்றதும் நம்மவர் நினைவுக்கு வருவது படுகளந்தான். கொம்பன் என்னும் பன்றியும், வேட்டுவர் படையும், அண்ணன்மார் இருவரும் மாண்டு வீழ்தலும், தங்கை தங்காள் அழுது புலம்பி அவர்களை எழுப்புதலுமே கூத்து என்று எண்ணுகிறோம். பல இரவு ஆடவேண்டிய கதையை ஓரிரவில் அடக்க நேரும்போது, முதலில் குறைக்கப்படுவது அண்ணன்மாரின் தாயாகிய தாமரையின் திருமணமே. நான் கண்ட ஆட்டங்கள் பலவற்றில் அஃது இரண்டு விருத்தத்தோடு முடிந்துபோயிற்று. அட்டன் வட்டாரத்தில் முப்பது ஆண்டுகளாகத் தமிழ் கற்பித்துவரும் எனக்கு இதில் மனக்குறை உண்டு. மரத்தின் வேரை வெட்டிவிட்டுக் கிளையைக் காட்டுவது போன்றது அது.

வேர் யாதென்று சுருங்கச் சொல்வேன். கதைப் பாடங்கள் பலவாதலின் சிற்சில வேறுபாடுகள் உண்டு. கோயம்புத்தூர்ப் பகுதியில் பாடகர் பாடிய வடிவத்தைக் கனடா நாட்டு மானிடவியல் அறிஞர் பிரெண்டா பெக் அம்மையார் 1965ஆம் ஆண்டில் ஒலிப்பதிவு செய்தார். சென்னையிலுள்ள ஆசியவியல் நிறுவனம் 1992இல் அதனை நூலாக்கிற்று. கவிஞர் சக்திக்கனல் ஏட்டிலிருந்து பதிப்பித்த வடிவமும் உண்டு. ஈண்டு நான் சொல்வது பாடகர் மரபைத் தழுவியது.

குன்றுடையான் நிலக்கிழார் குடியில் வளர்ந்தவன். இளமையிலேயே பெற்றோரை இழந்தான். பங்காளிகள் நிலத்தைக் கவர்ந்துகொண்டு அவனைத் துரத்தினர். ஊர் ஊராய் அலைந்த சிறுவன் வாளவந்தி நாட்டிலே ஒரு செல்வர் மனையை அடைந்து, தன் குடிப்பெயரைச் சொல்லாமல், மாடு மேய்க்கும் பண்ணையாளாய் அமர்ந்தான். அம்மனையின் மகள் தாமரை. ஆண்டுகள் பல கழிந்தன. மாயவனே மாற்றுருவில் வந்து மணம் பேசி முடித்துவைத்தான் என்கிறது கதை. தமையன்மார் மனம் பொறுத்தாரில்லர். நேற்றுவரை ‘அடே’ என்றழைத்த பண்ணையாளை இன்று ‘மாப்பிள்ளை’ என்று அழைப்பது எங்ஙனம்? சீர்வரிசை இல்லை, வழியனுப்புவாரும் இல்லை. மணமக்கள் இருவரும் நடந்தே குன்றுடையானின் நாடு சேர்ந்தனர்.

தொல்காப்பியம் கற்றோர்க்கு இவ்விடத்தில் ஒன்று புலப்படும். தலைவனும் தலைவியும் ஒத்தவராதல் வேண்டும் என்பது தொல்காப்பியனார் விதி. அவ்வொப்புப் பத்தினுள் பிறப்பையும் குடிமையையும் முன்னர் வைத்தார். தலைவன் உயர்ந்தவனாயின் அது விலக்கன்று என்று களவியலிலே சலுகையும் தந்தார். தலைவி உயர்ந்தவளாயின் என்ன செய்வது என்பதற்கு விடை இல்லை. அந்த விடையில்லா இடத்திலேதான் நம் நாட்டுப்புறக் கவிஞன் தன் கதையைக் கட்டினான்.

மேலை நாட்டாரும் இத்தகைய கதை பாடினர். இத்தாலியப் பேராசிரியர் பொக்காச்சியோ பதினான்காம் நூற்றாண்டில் இயற்றிய தெக்கமரோன் என்னும் நூலின் நூறாவது கதை கிரிசெல்தாவினுடையது. ஆங்கிலக் கவி சாசரும் அதனைப் பாடினார். பிரபு ஒருவன் ஏழைக் குடியானவன் மகளை மணக்கிறான். அவள் பொறுமையைச் சோதிக்க, பெற்ற மக்களைக் கொன்றுவிட்டதாக நம்பவைக்கிறான். உள்ளாடையோடு தந்தை குடிலுக்குத் துரத்துகிறான். பல்லாண்டு கழித்து, எல்லாம் சோதனையே என்று சொல்லி ஏற்றுக்கொள்கிறான். அவளோ வாய் திறந்தாளில்லை. அங்கே தலைவன் உயர்ந்தவன். ஆகவே நம் இலக்கண விதிக்கும் அம்மணம் அடங்கும். ஆயினும் எத்துணைக் கொடுமை அது! விதிக்கு அடங்கிய மணம் அறத்துக்கும் அடங்கியதாகிவிடாது என்பதற்குக் கிரிசெல்தாவே சான்று.

நம் தாமரை வாய் மூடியிருந்தவளல்லள். நெடுங்காலம் மகப்பேறின்றி வருந்திய அவள், தாய்வீட்டில் மங்கல நிகழ்ச்சி என்று கேட்டுச் சென்றாள். மலடி வந்தாள் என்று தமையன்மார் வாயிலை அடைத்தனர். காவலன் அவளை அடித்துத் தள்ளினான். அவ்விடத்தே அவள் சூளுரைத்தாள்: தனக்குப் பிள்ளைகள் பிறப்பர், தமையன்மார் பெற்ற பெண்களையே அவர்கள் மணந்து இம்மானத்தைத் தீர்ப்பர். பின்னர் அருந்தவம் செய்து பொன்னரையும் சங்கரையும் தங்காளையும் ஈன்றாள்.

இக்கதையைத் தோட்ட மக்கள் ஏன் நெஞ்சிலே வைத்துப் போற்றினர்? லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் 1867இல் தேயிலை பயிரிட்ட பின், மலைகள் எல்லாம் பச்சைக் கம்பளமாயின. திருச்சி, சேலம், மதுரை, தஞ்சை முதலிய மாவட்டங்களிலிருந்து நம் முன்னோர் வந்தனர். ஊரிலே பஞ்சமும் கடனும் துரத்த, இங்கே கங்காணியின் பேரேட்டில் ஓர் ஆளாய், லயத்தில் ஓர் அறையாய் ஒடுங்கினர். அவரவர்க்கு ஊரிலே ஒரு பெயர் இருந்தது, ஒரு குலதெய்வம் இருந்தது. பிரட்டுக்களத்தில் அவை கேட்கப்படவில்லை. குடிப்பெயரை மறைத்து மாட்டுத் தொழுவத்திலே படுத்துறங்கிய குன்றுடையானை அவர்கள் நன்கறிவர். அவன் தாமரையின் கையைப் பற்றும்போது கூத்துக்களத்திலே எழும் ஆரவாரம் வேறு எக்கட்டத்திலும் எழுவதில்லை.

ஆயினும் பண்டிதன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லாதிருத்தல் இயலாது. குன்றுடையான் உண்மையில் ஏழையல்லன், நிலக்கிழார் குடியினன். மதுரை வீரன் சக்கிலியர் மனையில் வளர்ந்து பொம்மியை மணந்தான். அவனும் பிறப்பால் அரச குமாரன் என்று கதை சொல்லும். காத்தவராயன் ஆரியமாலையை விரும்பிக் கழுவேறினான். அவனும் தெய்வப் பிறவியே. கவிஞன் வேலியைத் தாண்டுகிறான். தாண்டியவுடனே, நாயகன் வேலிக்கு உட்பட்டவனே என்று ஒரு சான்றுப் பத்திரமும் எழுதித் தருகிறான். அண்ணன்மாரோடு உயிருக்கு உயிராய் நின்ற சாம்புவனுக்கு அத்தகைய பத்திரம் எழுதப்படவில்லை. அவன் தோழன், போரில் துணைவன், பறை முழக்குவோன். பந்தியிலும் மணப்பந்தலிலும் அவனுக்கு இடமில்லை. கதையைப் போற்றுவோர் இக்குறையையும் மறைக்கலாகாது.

இரண்டாம் திருமணத்தையும் கருதுக. பொன்னரும் சங்கரும் தாயின் சூளை நிறைவேற்ற மாமன் மக்களை மணந்தனர். உறவு முறைப்படி அது உரிமை மணமே. குடியும் ஒத்தது, பொருளும் ஒத்தது. ஒப்பு அனைத்தும் அமைந்தது. அமையாதது ஒன்றே, அன்பு. மணந்த மனைவியரைத் தீண்டாமல் தனி மனையிலே அடைத்துவைத்தனர். அண்ணன்மார் மாண்ட செய்தி கேட்டு அப்பெண்கள் அழவில்லை என்று தங்காள் அம்மனைக்குத் தீயிட்டாள். அழுவதற்கு அவர்கட்கு என்ன உறவு இருந்தது? பாட்டன் வீட்டு மானத்துக்கும் அத்தை வீட்டு வஞ்சத்துக்கும் இடையே, ஒரு குற்றமும் அறியாத இருவர் சாம்பலாயினர். ஒவ்வாத மணம் என்று வெறுக்கப்பட்டது குடும்பத்தை வாழவைத்தது. ஒத்த மணம் என்று முடிக்கப்பட்டது எரிந்தது. கதையின் உயிர்நிலை இதுவே என்பது என் துணிபு.

இது பழங்கதை என்று ஒதுக்குவதற்கில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நம் மக்களை நாடற்றவராக்கிற்று. 1964ஆம் ஆண்டு சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. தாய்மாமன் ஒரு கரையிலும் மருமகள் மறுகரையிலுமாக எத்தனை குடும்பங்கள் பிரிந்தன! உரிமை மணம் பேச உறவில்லாத வீடுகள் பிறரை நாடின. அந்நாளில் பல வீடுகளில் பழஞ்சாதிப் பேச்சுச் சற்றே தளர்ந்ததைப் பெரியோர் எனக்குச் சொல்லியிருக்கின்றனர். இப்போது வேறொரு வேலி எழுந்துள்ளது. பரிசம் போட்டுப் பெண் எடுத்த குடிகளிலே சீதனம் கேட்கப்படுகிறது. உத்தியோகம் பார்ப்பவர் ஒரு குலம், கொழுந்து பறிப்பவர் மற்றொரு குலம் என்றாகிவிட்டது.

சில ஆண்டுகட்கு முன், என்னிடம் பயின்று ஆசிரியையான பெண்ணொருத்திக்கு மணம் பேசினர். மணமகன் தேயிலைத் தொழிற்சாலையில் வேலைசெய்பவர்; நற்பண்பினர். தாய்தந்தையர் இசைந்தனர், கொழும்பில் வாணிகம் செய்யும் தமையன் மட்டும் இசைந்தானில்லன். தந்தை என்னிடம் வந்து, “ஐயா, நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அவன் கேட்பான்” என்றார். நான் அவனுக்கு அறிவுரை ஒன்றும் சொல்லவில்லை. வாளவந்தி நாட்டுத் தமையன்மார் கதையை முழுமையாகச் சொன்னேன். கேட்டுவிட்டு, “வாயிலை அடைத்தவர்கள் பிறகு என்ன ஆனார்கள், ஐயா?” என்றான். “அவர்கள் பெயரைக்கூட இன்று யாரும் பாடுவதில்லை, தம்பி, தாமரையைத்தான் பாடுகிறார்கள்” என்றேன். முகூர்த்தத்துக்கு அவன் வந்தான். முகத்தில் மலர்ச்சி இல்லைதான். எனினும் மைத்துனருக்கு மாலையிட்டான். பந்தியில் தானே இலை போட்டான். கல்வெட்டுப் போன்ற மனமும் ஒரு கதையால் இவ்வளவு நெகிழுமாயின், அது போதும்.

ஆகவே தோட்டங்களிலே கூத்துப் பயிற்றும் வாத்தியார்மாரை நான் இரந்து கேட்பது இதுதான். இரவு குறுகினால் பன்றி வேட்டையைச் சுருக்குக. போர் முழக்கத்தைச் சுருக்குக. தாமரை பண்ணையாளின் கைப்பிடித்து, சீர்வரிசையின்றி, தாய்வீட்டு வாயிலைத் திரும்பிப் பார்த்து நடக்கும் அந்தக் கட்டத்தை மட்டும் குறைக்க வேண்டா. களத்தைச் சுற்றி அமர்ந்திருப்போருள் பெண்ணைப் பெற்றவர் பலர் உண்டு. தமையன்மாரும் உண்டு.