எண்ணைப் பார்க்காதே, பாகையைப் பார்!

திருப்பதியிலுள்ள என் அக்கா மகனும் அவனுடைய சித்தூர் நண்பனும் பெங்களூரில் கோல்ஃப் பழகுகிறார்கள். "வரும்போது புதுரக அயர்ன் மட்டை செட் வாங்கி வாங்க மாமா, பந்து நல்ல தூரம் போகுமாம்" என்கிறான். விலையோ லட்ச ரூபாய்க்கு மேல்!

அவனுக்கு நான் எழுதியது இதுதான்: 1980களில் 7ஆம் எண் அயர்னின் முகச்சாய்வு சுமார் 35 பாகை. இன்றைய புதுரகங்கள் பலவற்றில் 30 பாகை, அல்லது அதற்கும் குறைவு. சாய்வு குறைந்தால் தூரம் கூடும். அன்றைய 6ஆம் எண்தான் இன்று 7 என்று வருகிறது! உட்குழிந்த முதுகுள்ள மட்டை, பிசகிய அடியைச் சற்றுத் தாங்கும். அது உண்மையான நன்மை.

1991இல் இந்தியன் ஓப்பனை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை வீரர் அலி ஷேர், பிறருக்கு மட்டைப்பை சுமந்து வளர்ந்தவர். முதலில் பயிற்சிக்குச் செலவிடு, மட்டை பிறகு.