சுவருக்குச் சொன்ன கதை

நாங்கள் படித்த காலத்துப் பாடப் புத்தகங்களிலே ஒவ்வொரு கதையின் அடியிலும் 'இக்கதையால் அறியப்படும் நீதி' என்று ஒரு வரி இருக்கும். காக்கையும் நரியும் ஆமையும் முயலும் அத்தனை பாடுபட்டதெல்லாம் அந்த ஒற்றை வரியைப் பெற்றெடுக்கத்தான் என்று உபாத்தியாயர் மனதார நம்பினார், நாங்கள் பரீட்சைக்காக நம்பினோம். பொழுதைப் போக்குவது, புத்தி சொல்வது என்ற இரண்டே பிரயோஜனங்களில் கதையைக் கட்டிப் போட்டுவிடுகிற இந்த அபிப்பிராயம், படித்தவர்களிடத்தில் வேரூன்றியதேயொழிய, கதையை அன்றாடம் எடுத்துப் புழங்கிய ஜனங்களிடத்தில் இருந்ததில்லை. அவர்கள் வீட்டில் முறமும் அரிவாளும் எப்படியோ அப்படியே கதையும் ஒரு கருவி.

ஏ. கே. ராமானுஜன் 1991இல் வெளியிட்ட இந்திய நாட்டுப்புறக் கதைத் தொகுப்பில் ஒரு தமிழ்க் கதை இருக்கிறது. இரண்டு மகன்கள், இரண்டு மருமகள்கள், நால்வருடைய ஏச்சையும் வாய் திறவாமல் விழுங்கி விழுங்கி ஒரு விதவைக் கிழவி நாளுக்கு நாள் பருத்துக்கொண்டே போகிறாள். பருப்பதற்கும் சேர்த்து ஏச்சு வாங்குகிறாள். ஒருநாள் கால் போன போக்கில் நடந்து, ஊர்ப் புறத்தே கூரையற்றுக் கிடந்த ஒரு பாழ் வீட்டில் நுழைந்து, எதிரே நின்ற சுவரைப் பார்த்து மூத்த மகன் செய்த கொடுமையைச் சொல்லி அழ, சொல்லி முடித்ததும் அந்தச் சுவர் பாரம் தாங்காமல் இடிந்து விழுகிறது. அவள் உடம்பும் சற்றே இளைக்கிறது. மற்ற மூவருக்கும் மற்ற மூன்று சுவர்கள். நான்கும் விழுந்தபின், இலேசான உடம்போடு வீட்டுக்கு நடக்கிறாள். இந்தக் கதையின் அடியில் என்ன நீதியை எழுதுவது? மகன்கள் திருந்தவில்லை, மருமகள்கள் காலில் வந்து விழவில்லை. கிழவிக்குப் பாரம் இறங்கிற்று, அவ்வளவுதான். கேட்பவர் வாய்க்காவிட்டாலும் சொன்னாலே போதும் என்கிற அளவுக்குச் சொல்லுதலில் ஒரு சக்தி உண்டென்பதை நம் பாட்டிமார் அறிந்திருந்தார்கள்.

ஒரே கதை ஒரே நாளில் எத்தனை பேருக்கு எத்தனை விதமாக உபகாரம் செய்யும் என்பதைப் பிரத்தியட்சமாகப் பார்க்க விரும்புகிறவர்கள் பழைய ஆர்க்காட்டுச் சீமையில், திரௌபதி அம்மன் கோயில்களில் நடக்கும் பாரத உற்சவத்துக்குப் போய் வர வேண்டும். பிற்பகலில் பிரசங்கியார் வில்லிபாரதம் வாசித்துப் பொருள் சொல்வார்; இரவில் அதே கதை தெருக்கூத்தாக விடிய விடிய நடக்கும். அர்ஜுனன் தபசு அன்று வேஷம் கட்டியவர், நெடிய தபசு மரத்தின்மேல் பாடிக்கொண்டே ஏறி, உச்சியிலிருந்து எலுமிச்சம்பழமும் விபூதியும் பூவும் இறைக்க, பிள்ளையில்லாத பெண்கள் கீழே முந்தானையை ஏந்தி நிற்பார்கள். பாசுபதம் வேண்டித் தவம் செய்கிற அர்ஜுனனுக்கும் இவர்களுடைய குறைக்கும் என்ன சம்பந்தம் என்று தர்க்கம் பேசுகிறவர் பேசட்டும். வேண்டியது கிடைக்கும் வரை இறங்காத ஒருவன் மேலே இருக்கிறான், அது அவர்களுக்குப் போதும். கடைசியில் படுகளத்தன்று, ஊர்த் திடலில் மண்ணால் செய்து கிடத்திய, ஆள் உயரத்தைப்போலப் பல மடங்கு நீளமுள்ள துரியோதனனுடைய தொடையைப் பீமன் பிளக்க, சபையில் அவிழ்ந்த கூந்தலைத் திரௌபதி முடிந்து கொள்கிறாள். அந்தக் கணத்தில் கூட்டத்துப் பெண்கள் பலர் கண்ணைத் துடைத்துக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் அழுதது பாஞ்சாலிக்காக மாத்திரம் என்று எனக்குத் தோன்றவில்லை.

மழை பொய்த்தால் விராட பருவம் படிப்பது இன்னொரு சம்பிரதாயம். தருமர் மறைந்து வாழும் நாட்டில் மாதம் தவறாது மழை பெய்யும், அதைக் கொண்டே அவரைக் கண்டுபிடிக்கலாம் என்று பீஷ்மர் துப்புச் சொல்வது அந்தப் பருவத்தில்தான். துப்பாகச் சொன்னதை ஜனங்கள் மந்திரமாக மாற்றிக்கொண்டார்கள்.

தெற்கே போனால் கதைக்கு வேறொரு வேலை. பாபநாசம் மலையில், காரையாற்றங்கரையில் இருக்கிற சொரிமுத்தையனார் கோயிலில் பட்டவராயன் என்கிற முத்துப்பட்டன் சந்நிதிக்குப் பக்தர்கள் காணிக்கையாகக் கொண்டு வருவது தோல் செருப்பு. அந்தணனாகப் பிறந்த முத்துப்பட்டன், செருப்புத் தைக்கிற குலத்துப் பெண்களான பொம்மக்காவையும் திம்மக்காவையும் மணந்து, மாமனாரின் மாட்டுக் கிடையைக் கொள்ளையரிடமிருந்து காத்து உயிர்விட்டான் என்பது வில்லுப்பாட்டு. கட்டித் தொங்கவிட்ட புதுச் செருப்புகள் நாளாவட்டத்தில் தேய்ந்து போகின்றன, பட்டன் இராக்காலத்தில் அவற்றை மாட்டிக்கொண்டு காடு சுற்றுகிறான் என்பது ஊரார் துணிபு. அந்தப் பெண்கள் உண்மையில் அந்தணர் வீட்டில் பிறந்து காட்டில் விடப்பட்டவர்கள் என்று ஒரு பாடபேதமும் உண்டு. நடந்ததை மறக்கவும் முடியாமல் ஏற்கவும் முடியாமல் தவித்தவர்களுக்கு அந்தப் பாடபேதம் சமாதானம் சொல்லியிருக்க வேண்டும். என்னைக் கேட்டால், அந்த ஒட்டைவிடச் செருப்பின் தேய்மானமே நம்பத் தகுந்த சாட்சி.

கேட்பவர்களுக்கு இத்தனை செய்கிற கதை, கேட்கவிடாமல் தடுப்பதற்கும் உதவும். நாஞ்சில் நாட்டிலும் திருநெல்வேலிப் பக்கத்திலும் ஔவையார் நோன்பு என்று ஒன்று உண்டு. தை, மாசி, ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை இரவில், ஆண்பிள்ளைகளை ஒருவர் பாக்கியில்லாமல் வெளியேற்றிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, உப்பில்லாத கொழுக்கட்டை அவித்து, வயதில் மூத்தவள் கதை சொல்ல மற்றவர்கள் கேட்பார்கள். கொழுக்கட்டையை ஆண் தின்னக் கூடாது. கதையைக் கேட்கவும் கூடாது. தொட்டில் பிள்ளையானாலும் ஆண் என்றால் விலக்குத்தான். எட்டு வயதில் நானும் தலையணையோடு கோயில் மண்டபத்துக்குத் துரத்தப்பட்டேன். பாதி இரவில் எழுந்து வந்து, புறவாசல் சுவரில் காதை வைத்துக் கேட்டேன். வார்த்தை ஒன்றும் விளங்கவில்லை. இடைவிடாத ஒரு முணுமுணுப்பு, நடுவே எல்லோருமாகச் சேர்ந்து சிரித்த ஒரு பெருஞ்சிரிப்பு. எங்கள் வீட்டுப் பெண்கள் அப்படிச் சிரித்து நான் பகலில் கேட்டதே கிடையாது.

ஐம்பது வருஷம் கழித்து, எண்பதைக் கடந்த என் அத்தையிடம் ஒருநாள், இனி மறைத்து என்ன ஆகப் போகிறது, அந்தக் கதையைத்தான் சொல்லேன் என்று கேட்டேன். வெற்றிலையில் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டிருந்தவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஏய்யா, ஒனக்கு எதுக்கு அது?" என்றாள், தடவின வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டாள்.