கூட்டமில்லாத கடற்கரை, மணலுக்குள் ஒரு கோயில்... காஞ்சியிலிருந்து சாளுவன்குப்பத்துக்கு ஒரு நாள் பயணம்!

காஞ்சிபுரத்துக்காரர்களுக்குக் கடல் என்றாலே மாமல்லபுரம்தான். செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகச் சுமார் 65 கி.மீ. ஆனால், விடுமுறை நாளில் அங்கே அலையைவிடத் தலைகள்தான் அதிகம் தெரியும். அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னை பக்கமாக இன்னும் 5 கி.மீ போனால் சாளுவன்குப்பம். புலிக்குகை இருக்கும் ஊர். பாறைகளும் மணலும் அலைச் சத்தமும்தான் இங்கே விசேஷம். கடற்கரையில் மாமல்லபுரத்தின் சந்தடி இல்லை.

என்ன பார்க்கலாம்?

பெயர் புலிக்குகை என்றாலும், பாறையில் வாயிலைச் சுற்றி இருப்பவை யாளித் தலைகள். எண்ணிப் பாருங்கள், 11 இருக்கும். பக்கத்திலேயே அதிரணசண்டன் குகைக் கோயில். காஞ்சி கைலாசநாதர் கோயிலைக் கட்டிய ராஜசிம்ம பல்லவனின் பட்டப்பெயர் இது என்கிறார்கள் ஆய்வாளர்கள் பலர். ஆக, நம்ம ஊர்க் கதையின் தொடர்ச்சிதான்!

கொஞ்சம் வடக்கே போனால் முருகன் கோயில். 2004 சுனாமி இங்கே மணலை அரித்துச் சென்றபோது, பாறையில் கல்வெட்டுகள் வெளிப்பட்டன. அதைப் பின்பற்றி, 2005-ல் இந்தியத் தொல்லியல் துறை தோண்டியபோது கோயிலே கிடைத்தது. பல்லவர் காலக் கட்டுமானத்துக்குக் கீழே, அதைவிடப் பழைமையான செங்கல் கோயில்!

இறங்கிக் குளிக்கலாமா?

வேண்டாம். கூட்டமில்லாத கரையில், ஆபத்து என்றால் கை கொடுக்கவும் ஆளிருக்காது. அலை திரும்பும்போது உள்ளே இழுக்கும் நீரோட்டம், நன்றாக நீச்சல் தெரிந்தவரையும் கொண்டுபோய்விடும். ஈரப் பாறை வழுக்கும், செல்ஃபிக்காக ஏறாதீர்கள். குழந்தைகளின் கையை விடாதீர்கள். மணலில் நின்று கால் நனைத்தாலே போதும்.

கிளம்பும் முன்...

* காலையிலேயே போய்விடுங்கள். மதிய வெயிலில் பாறையும் மணலும் கொதிக்கும்.
* தண்ணீர், தொப்பி, கட்டுச்சோறு கையில் இருக்கட்டும். குப்பையைத் திரும்ப எடுத்து வந்துவிடுங்கள்.
* கரையில் மீனவர்களின் படகும் வலையும் இருந்தால் மிதிக்காமல் ஒதுங்கி நடங்கள்.
* ஜனவரி முதல் மார்ச் வரை இந்தக் கடற்கரையோரம் பங்குனி ஆமைகள் முட்டையிடும் காலம். இரவில் டார்ச் அடித்து மணலில் சுற்ற வேண்டாம். வெளிச்சம் பட்டால் ஆமைக்குஞ்சுகள் கடலுக்குப் போகும் திசை மாறிவிடும்.

இந்த ஞாயிறு நேரம் கிடைத்தால் குடும்பத்தோடு போய் வாருங்கள். கரை அமைதியாக இருப்பதும், போனவர்கள் பத்திரமாகத் திரும்புவதும் நம் கையில்தான்!