ரமணரின் ஜன்ம நட்சத்திரத்தில் கிரேக்க இரட்டையர்!

மார்கழி புனர்பூசம், திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் பகவான் ரமண மகரிஷியின் ஜயந்தி நாள். அன்றிரவு கிழக்கு வானைப் பாருங்கள். பௌர்ணமி கழிந்த நிலவுக்குப் பக்கத்தில் இரண்டு நட்சத்திரங்கள் ஜோடியாக மின்னும். அந்த ஜோடிதான் புனர்பூசம்.

பண்டைய கிரேக்கர்கள் இதே ஜோடியில் தங்கள் இரட்டைத் தெய்வங்களான கேஸ்டரையும் பொல்லக்ஸையும் கண்டார்கள். கடலில் புயல் அடித்தால் மாலுமிகள் கூப்பிட்டது இவர்களைத்தான்.

இருவருக்கும் தாய் லீடா. ஆனால், தந்தை வேறு வேறு. கேஸ்டர், ஸ்பார்ட்டா மன்னனின் மகன், மரணம் உள்ளவன். பொல்லக்ஸ், தேவர்களின் தலைவன் ஜீயஸின் மகன், சாகாவரம் பெற்றவன். ஒரு சண்டையில் கேஸ்டர் இறந்துபோகிறான். பொல்லக்ஸ் துடித்துப்போகிறான். உடன்பிறந்தவன் இல்லாத சாகாவரம் அவனுக்கு வேண்டியிருக்கவில்லை. ஜீயஸிடம் மன்றாடி, தன் வரத்தில் பாதியைச் சகோதரனுக்குக் கொடுத்துவிடுகிறான். அதன்பின் இருவரும் ஒரு நாள் பாதாளத்திலும், மறுநாள் தேவலோகத்திலுமாக வாழ்ந்தார்கள் என்கிறது கதை.

'புனர்' என்றால் மீண்டும். 'வசு' என்றால் செல்வம். இழந்தது திரும்பக் கிடைப்பதைச் சொல்லும் பெயர் நம் நட்சத்திரத்துக்கு. கதைகள் வேறு என்றாலும் பொருத்தம் வியக்கவைக்கிறது!

இந்த நட்சத்திரத்தில் 1879 டிசம்பர் 30 அன்று திருச்சுழியில் பிறந்தவர் வேங்கடராமன். 1896-ல், 16 வயதில், மதுரை வீட்டில் திடீரென மரண பயம் அவரைப் பிடித்தது. அவர் ஓடவில்லை. பிணம்போலப் படுத்து, 'சாவது எது?' என்று தனக்குள் விசாரித்தார். உடல்தான் சாகிறது, 'நான்' சாவதில்லை என்று தெளிந்தார். அந்த ஆண்டு செப்டம்பர் 1-ம் தேதி அண்ணாமலைக்கு வந்தவர், 1950-ல் மகாசமாதி அடையும்வரை இந்த ஊரைவிட்டுப் போகவில்லை. தம்பி நாகசுந்தரமும் பின்னாளில் இங்கே வந்து, துறவு பூண்டு, நிரஞ்சனானந்தர் என்ற பெயரில் ஆசிரமத்தை நிர்வகித்தார்.

சாவு பிரித்துவிடுமே என்ற பயத்துக்குக் கிரேக்கக் கதை சொன்ன பதில், பகிர்தல். ரமணர் சொன்ன பதில், விசாரணை.

மார்கழியில் இரவு 9 மணிக்கு மேல் மொட்டைமாடிக்குப் போனால் இருவரையும் பார்க்கலாம். கையை நீட்டினால் மூன்று விரல் அகல இடைவெளியில் இருப்பார்கள். சற்றே ஆரஞ்சு நிறத்தில் கூடுதலாக ஒளிர்பவன் பொல்லக்ஸ். வடக்கே வெண்மையாக இருப்பவன், அவன் விட்டுக்கொடுக்காத கேஸ்டர்.